கேட்டவர்க்கு எழுதியவர்: ரமணரின் எழுத்தும் வாசிப்பும்

திருவண்ணாமலையின் எழுத்து வரலாற்றைப் பேசுபவர்கள் பெரும்பாலும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் தொடங்கி, குகை நமசிவாயரையும் அருணகிரிநாதரையும் கடந்து, ரமணரிடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து மௌனம் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓயாத நூற்பயிற்சி ஒருவரைக் கரைசேர்க்காது என்பதும், கற்றதை எல்லாம் என்றேனும் கைவிட வேண்டியிருக்கும் என்பதும் ‘நான் யார்?’ என்னும் சிறுநூலில் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளன. அப்படிச் சொன்னவரை எழுத்தாளர் வரிசையில் வைக்க யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

ஆனால் ரமணாசிரமத்தின் பழைய கூடத்தைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. ரமணரின் சோபாவுக்கு அருகில் ஒரு சுழலும் புத்தக அலமாரி இருந்தது. நாளிதழ்கள் வந்தன, அவர் அவற்றைப் படித்தார். அச்சகத்திலிருந்து மெய்ப்புகள் வந்தன, திருத்தினார். கிழிந்த புத்தகங்களைத் தம் கையாலேயே தைத்து ஒட்டி அட்டை போட்டார். வெற்றிடம் உள்ள காகிதத் துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சிறு குறிப்பேடுகள் செய்தார். நூற்பயிற்சிக்கு எல்லை வகுத்தவரின் கூடம் ஏன் இப்படி ஓர் எழுத்துப் பட்டறையாக இருந்தது? இந்தக் கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

1. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

பக்தி மரபு தரும் விளக்கம் எளிமையானது. ரமணரின் பாடல்கள் அருளால் தாமே பெருகியவை. அவற்றில் முயற்சி இல்லை. எனவே எழுத்து அவருக்கு ஒரு தற்செயல். அவருடைய உபதேசத்தின் உண்மையான வடிவம் மௌனம். எழுத்து அதைப் பெற முடியாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு.

வரலாற்று நோக்கில் எழுதுபவர்கள் அச்சு நிறுவனத்தைச் சுட்டுகிறார்கள். 1931இல் நரசிம்ம சுவாமியின் ஆங்கில வாழ்க்கை வரலாறு வந்தது. அதே ஆண்டில் ரமணரின் பாடல்களும் உரைநடையும் ‘நூற்றிரட்டு’ என்ற தொகுப்பாயின. 1934இல் பால் பிரண்டனின் ஆங்கிலப் பயண நூல் ரமணரின் பெயரை ஐரோப்பா வரை கொண்டுசென்றது. ஆசிரமம் வளர்ந்ததோடு புத்தகமும் வளர்ந்தது; ஆகவே எழுத்துப் பணி என்பது நிறுவனத் தேவை என்கிறது இந்த விளக்கம்.

இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே பிரதிகள் உருவான விதத்தை அருகில் சென்று பார்ப்பதில்லை. பார்த்தால், எந்தப் புத்தகமும் ஆசிரமமும் இல்லாத காலத்திலேயே அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தெரிகிறது. தாமே பெருகியவை என்று சொல்லப்படும் பாடல்களில் பல, வாரக்கணக்கில் வெட்டியும் மாற்றியும் அடுக்கியும் செய்யப்பட்டவை என்பதும் தெரிகிறது.

2. சிலேட்டும் துண்டுக் காகிதமும்

1896 ஆகஸ்ட் 29 அன்று, பின்னாளில் ரமணர் என அறியப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் பெயினின் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றைத் தண்டனையாக மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதியவர் மூன்றாவதை விட்டுவிட்டு வீட்டை நீங்கினார். போகுமுன் ஒரு சீட்டு எழுதி வைத்தார். தன்மையில் தொடங்கும் அந்தச் சீட்டு, போகப்போகத் தன்னை ஓர் அஃறிணைப் பொருள்போலச் சுட்டுகிறது. கையொப்பத்தின் இடத்தில் கோடுகள் மட்டும் இருக்கின்றன. 1938இல் ஆசிரமச் சொத்துக்கான உயிலிலும் அவர் பெயரெழுதவில்லை. ஒரு கோடு இழுத்தார், அவர் சார்பில் வேறொருவர் கையொப்பமிட்டார். நாற்பதாண்டு இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டு தாள்களுக்கு நடுவில்தான் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அடங்குகிறது.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பேச்சு நின்ற பிறகுதான் எழுத்து தொடங்கியது. குருமூர்த்தத்தில் தங்கியிருந்தபோது, ஊரும் பேரும் சொன்னாலொழிய இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று ஓர் அரசு அலுவலர் பிடிவாதம் பிடிக்க, தம் பெயரையும் திருச்சுழி என்ற ஊரையும் எழுதிக்காட்டினார். 1898இல் பவளக்குன்றுக்கு வந்து, திரும்பி வரும்படி அழுது கேட்ட தாய்க்கும் எழுத்தில்தான் விடை தந்தார். வாழ்வின் மிகக் கடினமான மறுப்பு ஒரு பென்சிலால் எழுதப்பட்டது. அதையும் அங்கிருந்த ஒருவர் காகிதத்தை நீட்டி வேண்டிக்கொண்ட பிறகே எழுதினார்.

விரூபாட்ச குகைக்கு வந்த பிறகு எழுத்து கூடுகிறது. நகராட்சி மேற்பார்வையாளராக இருந்த கம்பீரம் சேஷய்யர் 1900 முதல் 1902 வரை தாம் படித்த யோக, வேதாந்த நூல்களில் புரியாதவற்றைக் கேட்டார். ரமணர் துண்டுக் காகிதங்களில் விளக்கம் எழுதித் தந்தார். சேஷய்யர் அவற்றைக் குறிப்பேட்டில் படியெடுத்தார். பின்னாளில் ‘விசார சங்கிரகம்’ என்ற பெயரில் வந்த நூலின் மூலம் அந்தக் குறிப்பேடுதான்.

வாசிப்பும் இதே வழியில் வந்தது. மதுரை வீட்டில் அவரை உலுக்கிய ஒரே சமய நூல் பெரியபுராணம். வேதாந்த நூல்களை அவர் தேடிப் படிக்கவில்லை. தொண்டராக வந்த பழனிசாமி மலையாளி. ஊரிலிருந்து தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து, எழுத்துக்கூட்டிப் படித்துத் திணறினார். அதைப் பார்த்த ரமணர் நூலை வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொன்னார். விவேகசூடாமணியின் தமிழ் உரைநடை ஆக்கமும் குகைக் காலத்தில் உருவானதே. மலையாளமும் சமஸ்கிருதமும் தெலுங்கும் இப்படி எதிரில் இருந்தவர்களுக்கு உதவும் போக்கில் அவருக்குக் கைவந்தன. தம் தேவைக்காக ஒரு வேதாந்த நூலையும் எடுக்காத ஒருவர், பிறர் தேவைக்காகப் பல மொழிகளில் வாசகரானார். எழுதுபவர்கள் பலரும் தம் வாசிப்பைத் தனிச் சொத்தாக எண்ணும் பழக்கத்துக்கு இது முற்றிலும் வேறான ஒரு முன்மாதிரி. நான் இதை மிகவும் மதிக்கிறேன்.

3. ‘நான் யார்?’: ஒரு பிரதி வளர்ந்த கதை

நம் கேள்விக்கு மிகுந்த வெளிச்சம் தருவது இந்தச் சிறுநூலின் வரலாறுதான். தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1901-02இல் விரூபாட்ச குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். ரமணர் மணலிலும் சிலேட்டிலும் விடைகளை எழுதினார். மணலில் எழுதியது அடுத்த விடைக்காக அழிக்கப்பட்டது. எஞ்சியது கேட்டவரின் நினைவும் அவர் பிறகு எழுதி வைத்துக்கொண்ட குறிப்பும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குறிப்பு அச்சேறவில்லை. 1923இல்தான் முதன்முதலாக வெளிவந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் கேள்விகளின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் காணப்படுகிறது. பதினான்கு உண்டு, இருபத்தெட்டும் உண்டு. இருபதுகளின் பிற்பகுதியில் ரமணரே கேள்விகளை நீக்கி, முன்னுரைப் பத்தி ஒன்றைச் சேர்த்து, தொடர்ச்சியான கட்டுரையாக அதை மாற்றி எழுதினார். ஆக, இன்று நம் கையில் இருப்பது இருபத்திரண்டு வயது இளைஞர் மணலில் எழுதியதும், நடுவயதில் அவரே உட்கார்ந்து செப்பம் செய்ததும் கலந்த பிரதி.

இதில் ஓர் இடம் மிக முக்கியமானது. உடல், பொறிகள், மனம் என ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை நானல்ல என்று விலக்கும் பகுதியை ரமணர் எழுதவில்லை. பிள்ளை தம் புரிதலுக்காகச் சேர்த்துக்கொண்டது. ரமணரின் நூல்களை ஆராய்ந்த சாது ஓம், டேவிட் காட்மன் ஆகியோர் இதை விளக்கியிருக்கிறார்கள். ரமணர் அதைக் கவனித்தார், ஆனால் அடித்துவிடவில்லை. கட்டுரை வடிவத்திலும் அது தங்கிவிட்டது. நூலின் மிகப் பரவலாக அறியப்பட்ட ஒரு பகுதி கேட்டவருடையது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிவதில்லை. இதைப் பாடக் குழப்பம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கேட்டவருக்குப் பயன்பட்ட வடிவமே பிரதியின் சரியான வடிவம் என்று ஆசிரியர் ஏற்றுக்கொண்டதற்கு இது நேரடிச் சான்று.

4. முருகனாரும் நாற்பது வெண்பாக்களும்

சென்னையில் தமிழாசிரியராக இருந்த முருகனார் 1923இல் முதன்முறையாக வந்தார். ரமணரின் எழுத்து வாழ்வை அவர் வருகைக்கு முன், பின் என்று பிரிக்கலாம். முன்பு வந்தவர்கள் ஐயம் கேட்டார்கள். முருகனார் யாப்பு கேட்டார்.

தாருகாவனக் கதையை உந்திப்பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தவர், இறைவன் முனிவர்க்கு உபதேசிக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, அதை ரமணரே பாட வேண்டும் என்று வேண்டினார். 1927இல் பிறந்தது முப்பது பாடல்கள் கொண்ட உபதேச உந்தியார். பிறகு வேறு மொழிக்காரர்கள் கேட்க, ரமணர் அதையே தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே ஆக்கினார்.

மறு ஆண்டு நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ரமணர் அவ்வப்போது எழுதிய உதிரி வெண்பாக்கள் இருபத்தொன்றைத் திரட்டிய முருகனார், இவற்றை விரித்து உண்மையின் இயல்பைச் சொல்லும் ஒரு நூலாக்கித் தர வேண்டும் என்றார். 1928 ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நடந்தது. புதிய வெண்பாக்கள் எழுதப்பட எழுதப்பட, பழையவற்றில் பெரும்பாலானவை இடம் பொருந்தாமல் விலக்கப்பட்டன. இறுதியில் மங்கலம் இரண்டும் நூல் நாற்பதுமாக ‘உள்ளது நாற்பது’ நின்றது. விலக்கப்பட்டவை ‘அனுபந்த’த்துக்குப் போயின. பாராயணத்துக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, வெண்பாக்களுக்கு இடையில் இணைப்புச் சீர்களைச் சேர்த்து முழு நூலையும் ஒரே கலிவெண்பாவாகவும் பின்னர் மாற்றினார்.

தொடங்கிய மூலப்பொருளையே பெரிதும் ஒதுக்கிவிடத் துணியும் கைக்கு உரியவரை முயற்சியற்ற கவி என்று எப்படிச் சொல்வது? வெண்பாவின் தளை பிசகாமல் நாற்பது பாடல்களை ஒரே வாதத்தின் படிகளாக அடுக்குவது கடுமையான உழைப்பு. முருகனாரின் ‘குருவாசகக் கோவை’யிலும் இந்த உழைப்பைக் காணலாம். முருகனார் செய்யுளாக்கிக் கொண்டுவந்த உபதேசங்களை ரமணர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். சில இடங்களில் அதே கருத்தைத் தாமே வேறொரு செய்யுளாக எழுதிச் சேர்த்தார். அப்படி அவர் எழுதியவை இருபத்தெட்டு. இருவர் கையும் ஒரே பக்கத்தில் கிடக்கும் இத்தகைய நூல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் அரிது.

இந்தக் கனமான நூல்களுக்குப் பக்கத்தில் அப்பளப் பாட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். தாய் அழகம்மாள் அப்பளம் இடக் கூடமாட உதவும்படி கேட்க, உளுந்தையும் பிரண்டையையும் மிளகையும் ஞான சாதனைகளாக மாற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார் மகன். நூற்றெட்டுக் கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை, பிச்சைக்குப் போகும் சாதுக்கள் தெருவில் பாடிச்செல்ல ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால் சுமார் 1914இல் எழுந்தது. கடைசிப் படைப்பான ஏகான்ம பஞ்சகம் 1947இல் சூரி நாகம்மாவின் வேண்டுகோளால் முதலில் தெலுங்கில் எழுதப்பட்டுப் பிறகு தமிழானது. சமையல் வேலை, பிச்சைப் பாத்திரம், ஓர் அம்மையாரின் மொழி விருப்பம் ஆகியவை அவருடைய இலக்கிய வடிவங்களைத் தீர்மானித்தன.

5. கூடத்தில் வாசிப்பு

ஆசிரமத்துக்கு வரும் கடிதங்கள் ரமணரிடம் காட்டப்பட்டன. மௌனி சீனிவாச ராவ் போன்றோர் எழுதிய பதில்கள் அஞ்சலில் சேரும் முன் அவர் பார்வைக்கு வந்தன. சொல் தவறினால் திருத்தினார். நூலின் பெயரும் செய்யுளின் இடமும் நினைவில் வைத்து, பேச்சுக்கு நடுவே அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவார்.

ஆனால் அவர் வாசிப்பின் இன்னொரு பக்கம், கூடத்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பிலும் நாகம்மாவின் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியபுராணத்தில் சில இடங்களை வாய்விட்டுப் படிக்கும்போது ரமணருக்குக் குரல் அடைத்துவிடும். கண்ணீர் வழியும். மேலே படிக்க முடியாமல் நூலை மூடி வைப்பார். தாயுமானவரிடமும் இப்படி நேர்ந்தது. மதுரையில் சிறுவனாகப் படித்த அதே நூல், அரை நூற்றாண்டு கழித்தும் அவரைப் பேச்சிழக்கச் செய்தது.

ரிபு கீதையின் தமிழ்ப் பாடலைக் கூடத்தில் இருப்பவர்கள் முறைவைத்து ஓதினார்கள். ஆசிரமச் சமையலறையில் பணிசெய்த சம்பூர்ணம்மாளுக்கு அந்த நூலைக் கொடுத்தபோது, தமக்கு விளங்கவில்லை என்றார் அவர். விளங்காவிட்டாலும் படி, பயன் தரும் என்று ரமணர் ஊக்கினார். சிறுநூலில் நூற்பயிற்சிக்கு எல்லை வகுத்தவர் இங்கே படிக்கத் தூண்டுகிறார். இதில் முரண் இருப்பதாக நான் கருதவில்லை. சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவம் படித்த பட்டதாரி; அவர் சுமைக்கு அந்த விடை பொருந்தியது. சமையலறையில் இருந்தவருக்குப் புத்தகம் ஒரு புதிய வாசல். பொதுவிதியாக நாம் படிக்கும் வரி, ஒருவரின் நிலையறிந்து சொல்லப்பட்ட விடையாகத் தொடங்கியது. ரமணரின் கூற்றுகளை மேற்கோளாகப் பிய்த்து எடுக்கிறவர்கள் மறப்பது இதைத்தான்.

6. என் வாதத்துக்கு எதிரான சான்று

கேட்டவர்க்காகவே எழுதினார் என்ற கருத்துக்கு ரமணரின் வாக்கிலேயே விலக்கு உண்டு. அருணாசல பதிகமும் அட்டகமும் யாரும் கேளாமல் எழுந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். பதிகத்தின் முதற்சொல் பல நாள் மனத்தில் எழுந்துகொண்டே இருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. அது விடாமல் வரவே, எழுதினார். பிறகு அடுத்தடுத்த பாடல்கள் வந்தன. அட்டகம் மலையைச் சுற்றி நடந்த வேளையில் உருவானது.

இவற்றைக் கொண்டே பக்தி மரபு தன் விளக்கத்தை எழுப்புகிறது. அந்த இரண்டு நூல்களுக்கு அது பொருந்தும் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவர் இரண்டை மட்டும் தனியே எடுத்துச் சொன்னதாலேயே, மற்றவை வேறு வழியில் வந்தவை என்பதும் உறுதியாகிறது. விலக்கை விதியாக்கியதுதான் பிழை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் அடியவர்களுடையவை. அவற்றில் சில, நிகழ்ந்து பல்லாண்டு கழித்து எழுதப்பட்டவை. உள்ளது நாற்பதின் வரலாறு போல, ஒரு பிரதியின் வடிவ மாற்றங்களே சாட்சி சொல்லும் இடங்களுக்கு நான் கூடுதல் மதிப்பளிப்பது இதனால்தான்.

7. தமிழில் சொன்னது எங்கே?

ராமகிருஷ்ணரின் உரையாடல்களை மகேந்திரநாத் குப்தா குறித்து வைத்தார். அவை வங்காளத்தில் பேசப்பட்டு வங்காளத்திலேயே வெளிவந்தன. பண்டைய தத்துவஞானி எபிக்டெடஸ் கிரேக்கத்தில் பேசியதை மாணவர் அரியன் கிரேக்கத்திலேயே எழுதி வைத்தார். திருவண்ணாமலையில் அப்படி நடக்கவில்லை. 1935 முதல் 1939 வரையிலான உரையாடல்களை முனகால வேங்கடராமய்யா ஆங்கிலத்தில் பதிவு செய்தார். 1945 முதல் 1947 தொடக்கம் வரையிலான தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும் ஆங்கிலம். 1945 நவம்பரில் தொடங்கும் நாகம்மாவின் கடிதங்கள் தெலுங்கு.

கூடத்தில் நிகழ்ந்த பேச்சில் பெரும்பகுதி தமிழ். அதைத் தமிழராகிய நாம் இன்று மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். குறித்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் எழுதியிராவிட்டால் எதுவுமே எஞ்சியிருக்காது. ஆயினும் இழப்பு இழப்புத்தான். ரமணர் பேசிய தமிழின் சொல்லடுக்கும் மதுரைப் பக்கத்து வழக்கும் அந்தப் பதிவுகளில் தங்கவில்லை. ஆகவே அவர் தம் கையால் எழுதிய தமிழ்தான் அவர் மொழியை அறிய நமக்குள்ள உறுதியான ஆதாரம். மௌனத்தைக் காரணம் காட்டி அந்த எழுத்தைப் புறக்கணிப்பது இருமடங்கு இழப்பாகும்.

8. தமிழ்த்துறைகளின் முன் உள்ள வேலை

‘நான் யார்?’ கட்டுரை வடிவம் பெற்ற இருபதுகள், தமிழ் உரைநடை தன் கால்களை ஊன்றிக்கொண்டிருந்த காலம். திரு.வி.க.வின் ‘நவசக்தி’ 1920இல் தொடங்கியது, வ.வே.சு. ஐயர் 1925இல் மறைந்தார். அந்தப் பத்தாண்டின் உரைநடையைப் பேசும்போது, சுருக்கமும் வாதத் தெளிவும் கொண்ட இந்தச் சிறுநூலையும் பேச வேண்டும். இலக்கிய வரலாறுகள் இதைச் சமயப் பகுதிக்குத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உள்ளது நாற்பதின் வெண்பாவையும் யாப்பாராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பதிப்பு வேலையும் மிச்சம் இருக்கிறது. சேஷய்யரின் குறிப்பேடு, சிவப்பிரகாசம் பிள்ளையின் குறிப்பு, 1923ஆம் ஆண்டு அச்சு, கட்டுரை வடிவம், விலக்கப்பட்ட வெண்பாக்கள், ரமணர் கைப்பட்ட மெய்ப்புகள் ஆகியவற்றில் கிடைப்பவற்றை அருகருகே வைத்துப் பாடவேறுபாடுகளோடு ஒரு செம்பதிப்பு வர வேண்டும். சாது ஓமும் மைக்கேல் ஜேம்ஸும் சாதகர்களுக்காகச் செய்த நுண்ணிய பாட ஒப்பீடுகள் இதற்கு நல்ல தொடக்கம். இனி இதை எடுத்துச் செய்ய வேண்டியவர்கள் தமிழ்த்துறை ஆய்வு மாணவர்கள். அவர்களுக்கு வழிவிட வேண்டியவை ஆவணங்களைப் பாதுகாக்கும் நிறுவனங்கள்.